199 கிலோ, இரண்டு விதமாக: மீராபாய் சானுவின் ஓய்வு இடைவெளிகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

2024 ஆகஸ்ட் 7ஆம் நாள் இரவு, பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 49 கிலோ எடைப்பிரிவுப் பளுதூக்குதல் முடிந்தபோது, மணிப்பூரைச் சேர்ந்த மீராபாய் சானு ஸ்னாட்சில் (எடைத்தட்டுகள் மாட்டிய கம்பியான பாரை ஒரே வீச்சில் தலைக்குமேல் தூக்குவது) 88 கிலோ, கிளீன் அண்ட் ஜெர்க்கில் (முதலில் தோள்வரை, பிறகு தலைக்குமேல் தூக்குவது) 111 கிலோ, ஆக மொத்தம் 199 கிலோ தூக்கி நான்காமிடத்தில் நின்றார். வெண்கலம் வென்ற தாய்லாந்தின் சுரோட்சனா கம்பாவ் ஸ்னாட்சில் தூக்கியதும் அதே 88 கிலோதான். கிளீன் அண்ட் ஜெர்க்கில் மட்டும் 112 கிலோ. ஒரே ஒரு கிலோ வேறுபாட்டில் பதக்கம் கைநழுவியது. அன்று தமக்கு மாதவிடாயின் மூன்றாம் நாள் என்றும், உடலில் சற்றுப் பலவீனம் தெரிந்தது என்றும் போட்டிக்குப் பின் அவர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றியே இந்தியாவில் பேச்சு நடந்தது. சாக்குச் சொல்கிறார் என்றவர்களும் உண்டு, இத்தனை நாள் யாரும் வெளிப்படையாகச் சொல்லாததை ஒருவராவது சொன்னாரே என்றவர்களும் உண்டு.

இந்த ஆய்வு அந்த வாக்கியத்தை ஒதுக்கவில்லை. ஆனால் அதிலிருந்து தொடங்கவும் இல்லை. பளுதூக்கும் பெண்ணின் தசைகள் இழந்த வலிமையைத் திரும்பப் பெறுவதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது, அந்த நேரம் எந்த இடத்தில் போதாமல் போனது என்பதே இங்கு எழுப்பப்படும் கேள்வி. ஒரு முயற்சிக்கும் அடுத்த முயற்சிக்கும் இடையே உள்ள இடைவெளி நொடிகளில் எண்ணப்படுகிறது. ஸ்னாட்சுக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்குக்கும் இடையே உள்ளது நிமிடங்களில். காயத்துக்கும் அடுத்த மேடைக்கும் இடையே உள்ளது மாதங்களில். மூன்றையும் ஓய்வு என்ற ஒரே சொல்லால் குறிப்பதால்தான் குழப்பம் வருகிறது என்பது என் கருத்து. மேடையில் பதிவான எடைகளே இங்கு தரவு.

மேடையின் கடிகாரம்

அறிவிப்பாளர் பெயரை அழைத்த பின் ஒரு வீராங்கனைக்கு 60 நொடி தரப்படுகிறது. தன் முயற்சியைத் தொடர்ந்து அடுத்த முயற்சியும் தன்னுடையதாகவே அமைந்தால் 120 நொடி. போட்டியில் பாரின் எடை ஏறுமே தவிர இறங்காது. ஆகவே ஒரு எடையில் தவறிய ஒருவர் அதே எடையை மீண்டும் கேட்கும்போது, இடையில் வேறு எவரும் அந்த எடையைக் கேட்டிராவிட்டால், அவரே அடுத்தவராகவும் வந்துவிடுகிறார். அந்த இரண்டு நிமிடங்களை அருகிலிருந்து பார்த்தால்தான் அதன் உண்மையான அளவு புரியும். மேடையிலிருந்து இறங்கி நடந்து வரவேண்டும். நாற்காலியில் அமர வேண்டும். பயிற்சியாளர் காதருகே குனிந்து ஒரே ஒரு திருத்தத்தைச் சொல்வார். ஒருவர் தொடையைத் தேய்த்துவிடுவார். மீண்டும் எழுந்து கைகளில் சுண்ணப்பொடி பூசிக்கொண்டு படியேற வேண்டும். 30 நொடி மிச்சமிருக்கும்போது எச்சரிக்கை ஒலி வரும். கடிகாரம் முடிவதற்குள் பாரைத் தரையிலிருந்து எழுப்பத் தொடங்கிவிட வேண்டும். இதையெல்லாம் கழித்தால், 120 நொடியில் தசைகள் உண்மையாகவே சும்மா இருப்பது ஏறக்குறைய ஒரு நிமிடம்தான்.

இந்தச் சிறு இடைவெளிக்கு எதிராகப் பயிற்சியாளர் செய்யும் தற்காப்பெல்லாம் வார்ம்-அப் அறையில் நடக்கிறது. எல்லாருடைய அறிவிப்பு எடைகளையும் பார்த்து, தன் வீராங்கனையின் முறைக்கு முன் மேடையில் எத்தனை முயற்சிகள் பாக்கியிருக்கின்றன என்று எண்ணிக்கொண்டே இருப்பார். மேடையில் மூன்று முயற்சி கடந்தால் உள்ளே ஒரு வார்ம்-அப் தூக்கல் என்பது நடைமுறையில் பலர் பின்பற்றும் கணக்கு. எதிரணியினர் ஒருவர் தம் எடையைச் சட்டென்று உயர்த்திவிட்டால் வரிசை மாறிக் கணக்கு முழுவதும் குலைகிறது. சூடேறிய உடம்போடு ஒருவர் ஆறேழு நிமிடம் காத்திருக்க நேரிடும், அல்லது மூச்சு அடங்குவதற்குள் மேடையேற நேரிடும். ஓய்வு இடைவெளியைப் பற்றிய ஆய்வகச் சோதனைகளில் இந்தக் குளறுபடிக்கு இடமில்லை. அங்கே கடிகாரம் எல்லாருக்கும் ஒரே சீராக ஓடுகிறது.

இரண்டு நிமிடம் போதுமா?

கிளீன் அண்ட் ஜெர்க் ஒன்றுக்குச் சில நொடிகளே ஆகின்றன. அந்த வேலைக்கான ஆற்றல் பெரும்பாலும் தசையில் தயாராக இருக்கும் ஏடிபி, கிரியேட்டின் பாஸ்பேட் ஆகிய உடனடி எரிபொருள்களிலிருந்து வருகிறது. செலவான கிரியேட்டின் பாஸ்பேட்டில் ஏறக்குறைய பாதி, அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள் திரும்பிவிடும். எவ்வளவு கடுமையாகச் செலவானதோ அந்த அளவுக்கு இது நீளும். மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் கையிருப்பு பெரும்பாலும் நிரம்பிவிடும். ஆக, ஒற்றைத் தூக்கலுக்குப் பின் கிடைக்கும் இரண்டு நிமிடம் எரிபொருள் கணக்கில் மிக மோசமானதல்ல.

இதற்கு நேரடிச் சான்றும் உண்டு. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற 17 பேர் தங்களால் ஒருமுறை மட்டுமே தூக்க முடிந்த உச்ச எடையில் ஸ்குவாட் (பாரைத் தோளில் சுமந்து குந்தி எழுவது) செய்து, ஓய்வுக்குப் பின் அதையே மீண்டும் முயன்றனர். ஒரு நிமிட ஓய்வுக்குப் பின் 13 பேரும், மூன்று நிமிடத்துக்குப் பின் 16 பேரும், ஐந்து நிமிடத்துக்குப் பின் 15 பேரும் வெற்றி பெற்றனர். ஒற்றைத் தூக்கலுக்கு ஒரு நிமிடமே பெரும்பாலோருக்குப் போதுமானதாக இருந்தது, மூன்று நிமிடம் கூடுதல் பாதுகாப்பைத் தந்தது, அதற்கு மேல் காத்திருந்ததில் பலன் தெரியவில்லை என்று இதைப் படிக்கலாம். அந்த 17 பேரும் ஆண்கள். இத்துறையில் கையில் எடுக்கும் ஆய்வுகளில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கிறது. பெண்களுக்கான பரிந்துரைகள் ஆண்களின் உடம்பிலிருந்து கடன் வாங்கப்பட்டவை.

பெண்களை வைத்தே நடந்த ஆய்வுகள் சொல்வது சற்று வேறு. தத்தம் உச்ச வலிமையின் ஒரே விழுக்காட்டில் தசையை இறுக்கிப் பிடிக்கும்போதும், விட்டுவிட்டு இறுக்கும்போதும், பெண்களின் தசைகள் ஆண்களின் தசைகளைவிட மெதுவாகவே களைப்படைகின்றன. மெதுவாகச் சுருங்கும் வகை நாரிழைகளின் பங்கு கூடுதலாக இருப்பதும், விசையின் அளவு குறைவாக இருப்பதால் சுருங்கிய தசைக்குள் இரத்த ஓட்டம் அவ்வளவாகத் தடைபடாததும் இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முக்கியமானவை. ஆனால் வேகமான, முழு வலிமை வேண்டும் அசைவுகளுக்குப் போகப்போக இந்தச் சாதகம் சுருங்குகிறது. ஸ்னாட்சும் ஜெர்க்கும் அந்த வகையைச் சேர்ந்தவை.

இங்கேதான் பயிற்சிக் கூடங்களில் ஒரு தவறு நடக்கிறது. பெண்களின் தசைகள் மெதுவாகக் களைப்படைகின்றன என்ற உண்மையை எடுத்துக்கொண்டு, அவர்களுக்கு எல்லாப் பயிற்சியிலும் ஓய்வைக் குறைத்துவிடுகிறார்கள். எட்டு, பத்து முறை தூக்கும் துணைப் பயிற்சிகளில் இதனால் பெரிய கேடில்லை. உச்சத்தை ஒட்டிய எடையில் பல செட்டுகள் (இடைவிட்டுச் செய்யும் தூக்கல் தொகுதிகள்) செய்யும்போது கதை வேறு: முதல் செட்டில் பாரின் வேகம் குறைவது கண்ணுக்குத் தெரியாது, மூன்றாவது செட்டில் தெரியும், ஐந்தாவதில் முழங்கை தாமதமாகத் திரும்பும். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009இல் வெளியிட்ட நிலைப்பாட்டு அறிக்கை, பல மூட்டுகள் சேர்ந்து இயங்கும் கன எடைப் பயிற்சிகளுக்கு இரண்டு முதல் மூன்று நிமிட ஓய்வைப் பரிந்துரைக்கிறது. பளுதூக்கும் பெண்ணின் ஒற்றைத் தூக்கல்களுக்கு மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் வரை விடலாம் என்பது என் நிலைப்பாடு. 120 நொடிக் கடிகாரத்தைப் போட்டிக்கு முந்தைய சில வாரங்களில், அதுவும் தவறிய தூக்கலுக்குப் பின் மீண்டும் எழும் ஒத்திகையாக மட்டுமே பழக்க வேண்டும்.

இப்போது பாரிஸுக்கு வருவோம். மீராபாய் ஸ்னாட்சில் 85 கிலோவில் தொடங்கி, 88இல் ஒருமுறை தவறி, மூன்றாம் முயற்சியில் அதே 88ஐத் தூக்கினார். கிளீன் அண்ட் ஜெர்க்கில் 111இல் ஒருமுறை தவறி, இரண்டாம் முயற்சியில் அதையே தூக்கினார். அன்று இரண்டு முறை, தன்னைத் தோற்கடித்த எடைக்கே திரும்பி வந்து அதை வென்றிருக்கிறார். குறுகிய இடைவெளியில் வலிமை திரும்பாத உடம்பு இதைச் செய்யாது. எனவே நொடிகளில் ஓடும் கடிகாரத்தை இந்த நிகழ்வில் குற்றம் சொல்ல முடியாது என்பதே என் முடிவு. கடைசி முயற்சியாக அவர் கேட்ட 114 கிலோ மேலே நின்றிருந்தால் கூட்டெடை 202 ஆகி வெண்கலம் கிடைத்திருக்கும். அது நிற்கவில்லை. ஆனால் 114 என்பது அவருக்கு அந்நியமான எடை அல்ல. 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் 119 கிலோ தூக்கி உலக சாதனை படைத்தவர் அவர்.

விகிதம் சொல்லும் கதை

கூட்டெடையை மட்டும் பார்த்தால் இந்த நிகழ்வு புரியாது. ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் இரண்டையும் பிரித்து, இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பார்க்க வேண்டும். 2017இல் அனாஹெய்மில் உலகச் சாம்பியனானபோது 85, 109, விகிதம் 1.28. 2021இல் தாஷ்கண்டில் 86, 119; விகிதம் 1.38. அதே ஆண்டு ஜூலை 24இல் டோக்கியோவில் வெள்ளி வென்றபோது 87, 115; விகிதம் 1.32. 2022இல் பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் 88, 113, விகிதம் 1.28. பாரிஸில் 88, 111, விகிதம் 1.26.

88 கிலோ ஸ்னாட்ச் என்பது பெரிய சர்வதேசப் போட்டிகளில் அவர் அதுவரை தூக்கியிருந்த உச்சத்துக்குச் சமம். அதாவது, பாரிஸில் அந்த மாலையின் முதல் பாதியில் அவருடைய வலிமை முழு அளவில் இருந்தது. இரண்டாம் பாதியிலோ 119ஆக இருந்த உச்சத்தில் 93 விழுக்காடுதான் வெளிப்பட்டது. உடல் முழுவதும் சோர்ந்திருந்தால் இரண்டும் சேர்ந்து இறங்கியிருக்க வேண்டும். ஒன்று உச்சத்தில் நிற்க மற்றொன்று மட்டும் இறங்கியிருக்கிறது என்றால், கிளீன் அண்ட் ஜெர்க் கேட்பதும் ஸ்னாட்ச் அவ்வளவாகக் கேட்காததும் என்ன என்று பார்க்க வேண்டும்.

ஸ்னாட்சில் பார் ஒரே வீச்சில் தலைக்குமேல் போய்விடுகிறது. கிளீன் அண்ட் ஜெர்க்கில் ஏறக்குறைய கால்பங்கு கூடுதல் எடையைத் தோள்வரை ஏற்றி, ஆழமான குந்துநிலையிலிருந்து அதைச் சுமந்தபடி எழுந்து, மூச்சைச் சமன்செய்து, முழங்காலைச் சற்று மடக்கி மேலே தள்ளி, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாகப் பிரித்து அதன் கீழே நுழைய வேண்டும். இடுப்பு மூட்டின் மீது இதில் விழும் சுமை கூடுதல். கால்கள் பிரியும் கணத்தில் அது இரு பக்கமும் சமமாகவும் விழுவதில்லை. மீராபாய்க்குக் காயம் பட்டிருந்ததும் இடுப்பில்தான்.

ஹாங்ஜோவிலிருந்து பாரிஸ்வரை

2023 செப்டம்பர் 30, ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுப் போட்டி. ஸ்னாட்சில் 83 கிலோவோடு நின்றுபோன மீராபாய், கிளீன் அண்ட் ஜெர்க்கில் 108ஐத் தூக்கிய பின், பதக்கத்துக்காக ஒரேயடியாக 117 கிலோவைக் கேட்டார். ஒன்பது கிலோ தாவல். முதல்முறை தவறியது. அதே எடையை மீண்டும் முயன்றபோது பாரோடு பின்பக்கமாகச் சாய்ந்து மேடையில் விழுந்தார். 191 கிலோவுடன் நான்காமிடம் என்று முடிவுப் பட்டியல் சொல்லும். அன்று இடுப்பில் தசைநாணுக்கு (தசையை எலும்போடு இணைக்கும் திசு) ஏற்பட்ட பாதிப்பை அது சொல்லாது. பதக்கம் எட்டும் தூரத்தில் இருக்கும்போது ஒரு வீராங்கனையைத் தடுத்து நிறுத்துவது எளிதல்ல. என்றாலும் அந்த இரண்டாவது 117க்கான விலை பாரிஸில்தான் கொடுக்கப்பட்டது என்று நினைக்கிறேன்.

தசையும் தசைநாணும் ஒரே வேகத்தில் தேறுவதில்லை. ஓய்ந்து கிடந்த தசை, பயிற்சி தொடங்கிய சில வாரங்களிலேயே நரம்புக் கட்டளைக்குப் பழையபடி பதில் சொல்லத் தொடங்கிவிடும். இரத்த ஓட்டம் குறைந்த தசைநாண் திசு, சுமைக்கேற்பத் தன்னை மறுசீரமைத்துக்கொள்ள மாதக்கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இந்த இரண்டு வேகங்களுக்கும் இடையே உள்ள பிளவில்தான் பெரும்பாலான வீராங்கனைகள் அவசரப்பட்டு மாட்டிக்கொள்கிறார்கள். தசை தயாராகிவிட்டதை உடம்பே தயாராகிவிட்டதாக எடுத்துக்கொள்வதால்.

ஹாங்ஜோவுக்குப் பின் மீராபாய் ஆறு மாதம் மேடையேறவில்லை. 2024 ஏப்ரல் 1இல் தாய்லாந்தின் புக்கெட் நகரில் ஒலிம்பிக் தகுதிக்காக இறங்கியபோது தூக்கியது 81, 103, மொத்தம் 184. அங்கிருந்து பாரிஸ்வரை 128 நாள். அந்த 128 நாளில் ஸ்னாட்சில் 7 கிலோவும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் 8 கிலோவும் ஏறின. வியக்கத்தக்க ஏற்றம்தான். ஆனால் புக்கெட்டில் அவருடைய ஸ்னாட்ச் தன் உச்சத்தில் 92 விழுக்காட்டில் இருந்தது, கிளீன் அண்ட் ஜெர்க் 87 விழுக்காட்டில் இருந்தது. ஒரே காலத்தில் ஒன்று 100ஐ எட்டியது. பின்தங்கியிருந்த மற்றொன்று 93இல் நின்றது. இன்னும் சில மாதம் இருந்திருந்தால் என்ற வாக்கியம் ஒலிம்பிக் நாட்காட்டியில் செல்லாது என்பது வேறு விஷயம்.

மூன்றாம் நாள்

அப்படியானால் மாதவிடாய்க்குப் பங்கே இல்லையா? இருந்திருக்கலாம். சுழற்சியின் முதல் சில நாட்களில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் இரண்டுமே தாழ்ந்திருக்கும். 2020இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 78 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, இந்தத் தொடக்க நாட்களில் உடல்திறன் மிகச் சொற்ப அளவில் குறையக்கூடும் என்று கண்டது. அதே சமயம் அந்த ஆய்வுகளில் பலவற்றின் தரம் குறைவு என்றும், பொது விதி வகுப்பதைவிட ஒவ்வொருவரையும் தனித்தனியே கவனிப்பதே சரி என்றும் சொன்னது.

சொற்பம் என்பதன் பொருள் மேடையில் மாறிவிடுகிறது. 111இல் ஒரு விழுக்காடு ஏறக்குறைய ஒரு கிலோ. பாரிஸில் வெண்கலத்துக்குக் குறைந்ததும் அந்த ஒரு கிலோதான். ஆகவே மீராபாய் சொன்னதைச் சாக்கு என்று தள்ளுவது எண்களுக்கே எதிரானது. ஆனால் சராசரியாக இவ்வளவு சொற்பமான ஒரு விளைவைக் கொண்டு, உச்சத்திலிருந்து 7 விழுக்காடு இறங்கிய ஒரு தூக்கலை விளக்கிவிடவும் முடியாது. அதுவும் அதே மாலையில் ஸ்னாட்ச் சற்றும் இறங்காதபோது. வயிற்றுப் பிடிப்பு, குறைந்த தூக்கம், இரும்புச்சத்து இழப்பு இவை ஹார்மோன் அளவைவிட நேரடியாக உடம்பைப் பாதிப்பவை. இவற்றைக் குறித்துவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நம் பயிற்சிக் கூடங்கள் பலவற்றில் எடை, செட், முறை என்று மூன்று பத்திகள் எழுதப்படுகின்றன. சுழற்சியின் எத்தனையாவது நாள் என்ற நான்காவது பத்தியைப் போடக் கூச்சப்படுகிறார்கள். ஆறு மாதக் குறிப்பு இருந்தால், ஒரு வீராங்கனைக்கு அந்த நாட்களில் செட்டுகளுக்கு இடையே கூடுதலாக ஒரு நிமிடம் தேவையா, இல்லவே இல்லையா என்பதை ஊகிக்க வேண்டியிருக்காது.

ஃபோர்டேயில் மீண்டும் 199

பாரிஸுக்குப் பின் மீராபாய் ஏறக்குறைய ஓராண்டு போட்டியிடவில்லை. இதற்கிடையே எடைப்பிரிவுகள் மாற்றப்பட்டு, அவர் 48 கிலோவுக்கு இறங்க வேண்டியதாயிற்று. 2025 ஆகஸ்டில் அகமதாபாத்தில் நடந்த காமன்வெல்த் சாம்பியன்ஷிப்பில் 84, 109 என 193 கிலோ. அக்டோபரில் நார்வேயின் ஃபோர்டேயில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் வெள்ளி, மொத்தம் 199.

பாரிஸில் தூக்கிய அதே 199தான். ஆனால் இம்முறை 84, 115. கிளீன் அண்ட் ஜெர்க்கில் 109, 112, 115 மூன்றும் சுத்தமாக மேலே நின்றன. 115ஐ அவர் டோக்கியோவில் தூக்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. விகிதம் 1.37, தாஷ்கண்டை ஒட்டிய எண். தாஷ்கண்டுக்கு முன்பும் இதேபோல நீண்ட இடைவெளி இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்: 2020 தொடக்கத்துக்குப் பின் பெருந்தொற்றால் ஓராண்டுக்கும் மேல் போட்டி இல்லை, அந்தக் காலத்தில் அவர் அமெரிக்கா சென்று தோள், முதுகுப் பிரச்சினைகளுக்கு உடலியக்கச் சிகிச்சை பெற்றார், திரும்பி வந்து 119. அவரைப் பொறுத்தவரை நீண்ட இடைவெளி முதலில் உயர்த்துவது கிளீன் அண்ட் ஜெர்க்கை என்று இரண்டு முறை பதிவாகியிருக்கிறது. ஒரே வீராங்கனை, இரண்டே நிகழ்வுகள் என்பதால் இதைப் பெண்கள் அனைவருக்குமான விதியாக நீட்ட மாட்டேன். ஆனால் அவருடைய பயிற்சித் திட்டத்தை எழுதுபவர் இதைப் பார்க்காமல் விட முடியாது.

கணக்கில் ஒட்டாமல் ஒரு விஷயம் மிச்சமிருக்கிறது. ஃபோர்டேயில் ஸ்னாட்சில் 84க்குப் பின் 87 கிலோவை இருமுறை கேட்டு இருமுறையும் தவறவிட்டார். பாரிஸில் தவறிய எடைக்குத் திரும்பி வந்து வென்ற அதே கைகள், இங்கே அதற்குக் குறைவான எடையில் திரும்பி வரவில்லை. ஒரு கிலோ உடல் எடையைக் கூடுதலாகக் குறைத்ததன் விளைவு ஸ்னாட்சின் வேகத்தில் தெரிகிறதா, ஓராண்டு போட்டியில்லாததால் நுட்பம் துருப்பிடித்ததா, இரண்டாம் மூன்றாம் முயற்சிகளுக்கு இடையே கிடைத்த நேரம் போதவில்லையா என்று மூன்று வழிகளிலும் இதைப் பார்க்கலாம். முதல் இரண்டும் அடுத்தடுத்த போட்டிகளில் ஸ்னாட்ச் 87ஐத் தாண்டுகிறதா என்பதிலிருந்து தெரிந்துவிடும். மூன்றாவதை அறிய, ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே கடந்த நொடிகளை யாரேனும் ஒருவர் வார்ம்-அப் அறையின் வாசலில் நின்று எழுதிவைக்க வேண்டும்.